சாமி கேட்டாலும் ஊற்றாதீர்கள்

மீன்சுருட்டி
12.2.83

தம்பி சாமிதுரைக்கு அண்ணன் அரியமுத்து எழுதுவது.

நீ ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதும், செங்கமலத்தையும் அங்கேயே கூட்டிப்போய்க் குடிசை போட்டுக்கொண்டதும் ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. கூடப்பிறந்தவனுக்கு ஒரு கார்டு போட உனக்கு மனசு வரவில்லை. திருச்சி ஆஸ்பத்திரியில் உன் குடியை நிறுத்திவிட்டார்களாம், நல்லது. அண்ணனையும் சேர்த்து நிறுத்தச் சொன்னார்களா?

பங்குனி வருகிறது. மதுரைவீரனுக்குப் படையல் போட வேண்டும். போன பங்குனியில் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். சாமியாடி இல்லாமல் படையல் ஏது? பம்பைக்காரன் அமாவாசை அடித்து அடித்துப் பார்த்தான், யார் மேலும் சாமி இறங்கவில்லை. பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த வருஷம் முந்திரிப் பூவெல்லாம் கருகியது. தெருப் பிள்ளைகளுக்கு அம்மை கண்டது. எல்லோரும் நம் வீட்டைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். கோவில் சாவி என் இடுப்பில் இருப்பதால் அத்தனை பேச்சையும் நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் சிங்காரவேலுப் பண்ணையார் செருப்பைக் கழற்றிவிட்டு நம் தெருவுக்குள் வருகிறார். உன் எதிரில் கைகட்டி நின்று குறி கேட்கிறார். நம் அப்பா ஆடியபோது அவருடைய அப்பா நின்றார். மற்ற நாளெல்லாம் நான் அவர் தோப்புக்குக் காவல்காரன். அந்த ஒரு நாளை விட்டுக்கொடுத்துவிட்டு நீ கல் உடைக்கப் போயிருக்கிறாய்.

சாராயம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அது உனக்கு. சாமிக்குச் சொல்ல டாக்டர் யார்? சாராயக் கடை திறந்த பிறகு நீ சாமி வராத நாளிலும் குடித்தாய், செங்கமலத்தின் கையை முறித்தாய், அதையெல்லாம் நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் படையல் அன்று குடிப்பது நீ கிடையாது. கோவிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்டாயே, என்ன ஆயிற்று? மூன்றாம் நாள் உடம்பு உதறியது. எறும்பு ஊர்கிறது என்று பாயைச் சுருட்டி எறிந்தாய். செத்துப்போன அப்பாவோடு பேசினாய். நான்தான் உன் வாயைப் பிளந்து சாராயத்தை ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று, எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாய். தெருவே பார்த்தது. சாமி கேட்டது, கொடுத்தோம், அடங்கியது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

வந்து சேர். உன் அண்ணி ஆண்டாயி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என் மகன் தர்மன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் வேலை படிக்கிறான். சித்தப்பா ஆடுவதைப் பார்க்க அவனுக்கும் ஆசைதான்.

அரியமுத்து


ஆலத்தியூர்
20.2.83

அண்ணனுக்கு,

திட்டுவதற்கு இடம் போதாமல் காகிதத்தின் ஓரமெல்லாம் சுற்றி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. செங்கமலம்தான் எண்ணெய் தடவிவிட்டாள். முறிந்த அவள் கை இன்னும் முழுசாக மடங்கவில்லை, அந்தக் கையாலேயே தடவினாள். அதனால் நீங்கள் எழுதியதில் அந்த ஒரு வரிக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

கயிறு கட்டிய கதையை நானும் டாக்டரம்மாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். நம்ம சாமி எப்படிப்பட்டது என்று அவர்களுக்கும் தெரியட்டுமே என்று நினைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வருஷக்கணக்கா தினம் குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்தினா நடுங்கும்ப்பா. வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உசுரே போயிடும். மறுபடி ஊத்தினா அடங்கத்தான் செய்யும். கேட்டதும் உன் உடம்பு, அடங்கினதும் உன் உடம்பு" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. நம் சாமியை ஒரு பொம்பளை இப்படிப் பேசுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அண்ணே, அன்று சாயங்காலம் பக்கத்துக் கட்டிலுக்குக் காதர் பாய் என்று ஒரு லாரி டிரைவரைக் கொண்டுவந்து போட்டார்கள். மறுநாளே அவருக்கும் உதறல். அவரும் எறும்பு எறும்பு என்று போர்வையை உதறினார். செத்துப்போன தம் அத்தா சாகுல் ஹமீதோடு பேசினார். சாகுல் ஹமீதின் மகன் மேல் மதுரைவீரனுக்கு என்ன வேலை? அவருக்கு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள், தெளிந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. சந்தோஷமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். அன்று பூரா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சிக்குப் போய்வருகிறேன். குடித்து நிறுத்தியவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம். ஒரு வக்கீல், ஒரு வாத்தியார், காதர் பாய், நான், எல்லோரும் ஒரே பெஞ்சில். டீ எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில். அங்கே யார் காலிலும் யாரும் விழுவதில்லை. நம் ஊர் டீக்கடையை நினைத்துக்கொள்வேன்.

நல்லவனாகிவிட்டேன் என்று எழுதவில்லை. குவாரியிலிருந்து வரும் வழியில் சாராயக் கடை இருக்கிறது. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். அந்த வாடை வந்தால் இன்றைக்கும் நாக்கு ஊறுகிறது.

படையலுக்கு வருகிறேன். ஆடுகிறேன். சாராயம் மட்டும் குடிக்கமாட்டேன், இளநீர் வெட்டி வையுங்கள். செங்கமலம் போக வேண்டாம் என்கிறாள். அண்ணன் முகத்துக்காக வருகிறேன்.

சாமிதுரை


மீன்சுருட்டி
4.4.83

சாமிதுரைக்கு,

தம்பி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அமாவாசை விரல் வீங்கும்வரை அடித்தான். நீ ஆடினாய். கால் மட்டும் ஆடியது, முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் சாராயத்தை நீட்டுகிறேன், நீ குனிந்து இளநீரை எடுத்துக் குடிக்கிறாய். பெரியம்மாள் கிழவிதான் முதலில் சிரித்தாள். "இது சாமி இல்லடி, சாமிதொர" என்றாள். தெருவே சிரித்தது. பண்ணையார் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். என் வயசுக்கு இப்படி ஒரு அவமானம் நான் பட்டதில்லை. நீ பாதியிலேயே செங்கமலத்தோடு பஸ் ஏறிவிட்டாய், உனக்கென்ன?

ஆனால் நீ போன பிறகு நடந்ததையும் தெரிந்துகொள். அமாவாசை பம்பையை இறக்கப் போன நேரத்தில், விளக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த தர்மன் தட்டைப் போட்டுவிட்டுத் துள்ளினான். கூட்டம் அப்படியே பின்வாங்கியது. "கொண்டாடா!" என்று அவன் கேட்ட குரல் நம் அப்பா குரல். நானே மூடியைத் திறந்து என் கையால் ஊற்றினேன். முழுவதையும் முகம் சுளிக்காமல் குடித்தான், சுருட்டைப் பற்றவைத்தான். பண்ணையார் பாதி வழியில் திரும்பி ஓடிவந்தார். பத்தொன்பது வயசுப் பையன் காலில் அந்த மனிதர் விழுந்ததை இந்தத் தெரு பார்த்தது. ஆண்டாயி அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன்.

நீ போய்விட்டாய், சாமி போகவில்லை. அது நம் வீட்டிலேயே இருக்கிறது. இனிமேல் நீ வரவும் வேண்டாம், இளநீர் குடிக்கவும் வேண்டாம்.

அரியமுத்து


ஆலத்தியூர்
11.4.83

அண்ணே,

வர வேண்டாம் என்றால் வரவில்லை. ஆனால் இதைப் படிக்காமல் கிழித்துவிடாதீர்கள்.

அப்பா செத்த வருஷத்துப் படையலை நினைத்துப் பாருங்கள். மூத்தவர் என்று முதலில் உங்களைத்தான் நிறுத்தினார்கள். உங்களுக்குத்தான் முதலில் உடம்பு ஆடியது. சாராயத்தைக் கொடுத்தார்கள், நீங்கள் குடித்த வேகத்தில் அமாவாசையின் பம்பை மேலேயே வாந்தி எடுத்தீர்கள். சாமி இவனை ஏற்கவில்லை என்று சொல்லி என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். எனக்குத் தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் உள்ளே நின்றுவிட்டது. நம் தெருவில் சாமி ஆள் பிடிக்கிற விதம் அவ்வளவுதான் அண்ணே. யார் வயிற்றில் தங்குகிறதோ அவன்தான் சாமியாடி. உங்களைக் காப்பாற்றியது உங்கள் வயிறு.

அன்று அந்தச் சூடு இறங்கியதும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. பண்ணையாரை நேருக்கு நேர் பார்த்தேன். அப்படி ஒரு தைரியத்தை ஒருமுறை ருசி பார்த்தவன் மறுபடி அதைத் தேடாமல் இருப்பானா? வருஷத்துக்கு ஒருமுறை என்பது மாசத்துக்கு ஒருமுறை ஆயிற்று, பிறகு வெள்ளிக்கிழமை, பிறகு விடிந்தால் பொழுது போனால். ஒவ்வொரு தடவையும் சாமி பேரைச் சொல்லித்தான் குடித்தேன்.

அப்பா எப்படிச் செத்தார் என்று டாக்டரம்மா கேட்டார்கள். வயிறு ஊதிப்போய், கண் மஞ்சளாகி, ரத்தமாகக் கக்கி. சாமி கூப்பிட்டுக்கொண்டது என்று நாம் சொல்லிக்கொண்டோம். அந்த அம்மா எழுதிக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் இன்னும் யாராவது குடிக்கிறார்களா என்று அடுத்துக் கேட்டார்கள். இல்லை என்றேன்.

தர்மன் முகம் சுளிக்காமல் குடித்தான் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பழக்கமில்லாத தொண்டை சுளிக்காமல் இருக்காது அண்ணே. அது அவனுக்கு முதல் தடவை இல்லை. உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன், அவனுக்கு ஊற்றிக்கொடுக்காதீர்கள்.

சாமிதுரை


மீன்சுருட்டி
3.11.84

தம்பி சாமிதுரைக்கு,

நீ எழுதி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. பதில் போடவில்லை. அப்போது உன் மேல் இருந்த ஆத்திரத்தில் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

இங்கே நல்ல மழை. தோப்புப் பாதையெல்லாம் சேறு. பண்ணையார் வீட்டில் கல்யாணம் நடந்தது. பெரியம்மாள் கிழவி தவறிப்போனாள்.

தர்மன் ஐ.டி.ஐ.க்குப் போவதில்லை. குறி கேட்கத் தினமும் ஆட்கள் வருகிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள், யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. எல்லோரும் சாமிக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். கொண்டுவராத அன்று அவனே கடைக்குப் போய்விடுகிறான். சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. மற்றபடி சௌக்கியம்தான்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நம் தெருவில் ஒருவருக்காகக் கேட்கிறேன். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல், கொஞ்சம் போட்டுக்கொண்டால் மட்டும் நிற்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நீ போன டாக்டரம்மா இப்போதும் அங்கேதான் இருக்கிறார்களா? அவர் கேட்டார், அதனால் எழுதினேன். வேறு ஒன்றும் இல்லை.

செங்கமலத்தின் கை எப்படி இருக்கிறது?

அரியமுத்து


ஆலத்தியூர்
9.11.84

அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் செங்கமலம் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கை பரவாயில்லை, குடம் தூக்குகிறாள்.

தெருவில் கேட்ட அந்த ஒருவருக்கு நான் சொன்னதாக இதைச் சொல்லுங்கள். காலையில் கை நடுங்கி, குடித்தால் நிற்கிறது என்றால் உடம்பு அதற்கு அடிமைப்பட்டாயிற்று. அது திமிர் கிடையாது, வளர்ப்புக் குற்றமும் கிடையாது. அது ஒரு நோய். காமாலைக்காரனைப் போட்டு அடித்தால் காமாலை இறங்குமா? அவரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்திவிடலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். கயிறு கட்டி ஒரேயடியாக விடச் சொல்லவும் வேண்டாம். என்னைப் போல உதறி, வலிப்பு வந்து, போய்ச் சேர்ந்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிவர வேண்டும். முதலில் உடம்பைத் தெளியவைப்பார்கள். டாக்டரம்மா அங்கேதான் இருக்கிறார்கள். நானும் திருச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன்.

அந்த ஒருவருடைய அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. மகனுக்கு உடம்பு சரியில்லை, காய்ச்சல் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பார். செங்கமலமும் எனக்காக அப்படித்தான் சொன்னாள். வேலைக்குக் கூப்பிட வந்தவர்களிடம், கடைக்காரரிடம், அவளுடைய அம்மாவிடம்கூட. "நான் மூடி மறைச்ச ஒவ்வொரு நாளும் உனக்கு இன்னொரு நாள் குடிக்க இடம் கொடுத்துட்டேன்" என்று கூட்டத்தில் எல்லோர் எதிரிலும் சொல்லி அழுதாள். அந்த அப்பா அழ வேண்டாம். மறைக்காமல் இருந்தால் போதும்.

ஆள் சம்மதித்து வந்தால் நல்லது. முணுமுணுத்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. நான் டாக்டரம்மாவைத் திட்டிக்கொண்டேதான் படுத்தேன்.

தர்மனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சாமிதுரை


மீன்சுருட்டி
24.2.85

தம்பி,

இனிமேல் ஒளித்து என்ன ஆகப்போகிறது? அது தர்மன்தான். உனக்கு அன்றே தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

கூப்பிட்டுப் பார்த்தேன், வரமாட்டேன் என்கிறான். "சாமிக்குச் சொல்ல டாக்டர் யாரு?" என்று கேட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் உனக்கு எழுதிய வார்த்தை அப்படியே அவன் வாயிலிருந்து வருகிறது. சோற்றுத் தட்டில் கை நிற்பதில்லை, ஆண்டாயி பிசைந்து ஊட்டுகிறாள். இருபத்தொரு வயசுப் பையனுக்கு. அவளையும் ஒருநாள் தள்ளிவிட்டான், அம்மிக்கல்லில் விழுந்தாள். நான் அடிக்கக் கை ஓங்கினேன். தெருவில் நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சாமியை அடிக்கலாமா என்றார்கள். என் பிள்ளையை அடிக்க எனக்கே உரிமை இல்லை.

ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கோபப்படாமல் படி. இந்தப் பங்குனிப் படையலுக்கு நீ வா. வந்து பழையபடி ஆடு. சாராயத்தை வாங்கிக் குடி. ஒரே ஒரு நாள். உன் மேல் சாமி வந்துவிட்டால் தெரு அவனை விட்டுவிடும், குறி கேட்டு யாரும் வரமாட்டார்கள், புட்டியோடு யாரும் வரமாட்டார்கள். அதற்குப் பிறகு அவனைக் கட்டித் தூக்கிக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன். நீ முதிர்ந்தவன், ஒரு தடவை நிறுத்திக் காட்டியவன். இன்னொரு தடவை நிறுத்த உன்னால் முடியும். அவனால் முடியாது.

நான் கேட்பது நியாயமா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. சாமியை அவனிடமிருந்து நீ வாங்கிக்கொள்.

அரியமுத்து


ஆலத்தியூர்
5.3.85

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைச் செங்கமலத்திடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் உங்கள் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றியிருப்பாள், அவள் பக்கம்தான் நியாயம்.

உங்கள் பிள்ளைக்குப் பதிலாக என்னைக் கேட்கிறீர்கள். நிறுத்திக் காட்டியவன், மறுபடி நிறுத்துவான் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! முதல் மடக்கு உள்ளே போனால் எனக்கு இரண்டாவது நாள் என்பது கிடையாது. காதர் பாய் போன தீபாவளிக்கு ஒரே ஒரு கிளாஸ் என்று ஆரம்பித்தார். தைப் பொங்கலுக்குள் அவரை அடக்கம் பண்ணிவிட்டோம். நானும் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் சந்தோஷம் வந்தது. குடிக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்று. தர்மனுக்காகக் குடித்தேன் என்றால் யார் என்னைக் குற்றம் சொல்ல முடியும்? ஏரிக்கரையைச் சுற்றாமல் நேராகக் கடைப் பக்கமே நடந்தேன். வாசல்வரை போய்விட்டேன். அங்கே நின்று பயந்து, வந்த வழியே ஓடிவந்துவிட்டேன். ஆகவே என்னை நம்பாதீர்கள். அதைத்தான் எழுத வந்தேன்.

படையலுக்கு வருகிறேன். பம்பைச் சத்தம் கேட்டால் என் உடம்பு ஆடும், இந்தத் தடவை நான் அடக்கப்போவதில்லை. இறங்கட்டும். இறங்கினால் சாராயம் கேட்கும். அது சாமியா, என் நாக்கா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அந்த நேரத்தில் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். புட்டி உங்கள் கையில்தான் இருக்கும். என் வாயால் என்ன கேட்டாலும், என்ன சாபம் விட்டாலும், உங்களை அடித்தாலும் ஊற்றாதீர்கள். தெரு முழுக்கப் பார்க்க, பண்ணையார் பார்க்க, தர்மன் பார்க்க, கொடுக்க முடியாது என்று சொல்லுங்கள். நம் வீட்டில் ஒருத்தராவது அந்த வார்த்தையைச் சொல்லி அவன் காதால் கேட்க வேண்டும்.

உங்களால் முடியாது என்றால் இப்போதே எழுதிவிடுங்கள், வரவில்லை. முடியும் என்றால் பதிலே வேண்டாம். செங்கமலம் என்னோடு வருவாள். கடைசியில் என்னைத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும்.

சாமிதுரை


மீன்சுருட்டி
14.4.85

தம்பி சாமிதுரைக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. படையல் அன்று செங்கமலம் உன்னைத் தாங்கிக்கொண்டு பஸ் ஏறியபோது நீ யாரையும் பார்க்கவில்லை. நடந்தது உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, எழுதுகிறேன்.

நல்ல உச்சி வெயில். அமாவாசை அடித்த இரண்டாவது அடிக்கே உனக்கு வந்துவிட்டது. முகமே மாறிப்போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்பு சிரித்த தெரு கையெடுத்துக் கும்பிட்டது. பண்ணையார் முன்வரிசையில் நின்றார். தர்மன் கோவில் சுவரில் சாய்ந்து நின்றான், கண் சிவந்திருந்தது. நீ கையை நீட்டினாய். "கொண்டாடா" என்றாய்.

"கொடுக்க முடியாது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீ மறுபடி கேட்டாய். இன்னும் சத்தமாகச் சொன்னேன். அமாவாசை கை நின்றுவிட்டது. "எவன்டா நீ எனக்கு இல்லன்னு சொல்ல? ஒன் வூட்டு வெளக்க அணைச்சிப்புடுவேன், ஒன் வம்சத்த வேரறுத்துப்புடுவேன்" என்றாய். அது நம் அப்பா குரல். என் பிள்ளையின் வாயில் நான் கேட்டதும் அதே குரல்தான். எனக்குக் கால் நனைந்துவிட்டது, தம்பி, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். புட்டியைச் சாய்த்து மண்ணில் கொட்டினேன். நீ என்னை அறைந்ததில் முன்பல் போயிற்று. பிறகு கொட்டிய இடத்தில் விழுந்து அந்த ஈர மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். நக்கவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், நீ நக்கவில்லை.

தெரு எங்களைத் தள்ளிவைத்திருக்கிறது. சாவியை என் இடுப்பிலிருந்து பிடுங்கிப் பங்காளி வீட்டில் கொடுத்துவிட்டார்கள். சாமிக்கு இல்லை என்றவன் தோப்புக்குக் காவல் வேண்டாம் என்று பண்ணையார் சொல்லிவிட்டார். கன்றுக்குட்டி செத்துப்போனது, ஆண்டாயி அது உன் சாபம் என்கிறாள். எனக்கும் பயம்தான். அன்று நான் உனக்கு இல்லை என்றேனா, சாமிக்கு இல்லை என்றேனா என்று இன்னும் புரியவில்லை. படுத்தால் தூக்கம் இல்லை.

குறி கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. ஆனால் தர்மன் குடிப்பது நிற்கவில்லை. கடையில் போய்க் குடிக்கிறான், சாமி பேரைச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டான். நேற்றுக் காலையில் கிணற்றடியில் முகம் கழுவ முடியாமல் உட்கார்ந்திருந்தான், கை அப்படி ஆடியது. நான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். தலையைத் தூக்காமலேயே கேட்டான்.

"சித்தப்பாவுக்கு முடியாதுன்னு சொன்னியே. அன்னைக்கு எனக்கு ஊத்துனப்ப ஏம்ப்பா சொல்லல?"

  அவன் முகத்தை என் துண்டால் துடைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். வருகிறேன் என்றான். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. நாளைக்கே கிளம்பலாம், நான் கூட்டிப் போகிறேன் என்று எழுந்தேன்.

"சித்தப்பா வந்தா போறேன். உன்கூட வரமாட்டேன்" என்றான்.

நீ பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பதாக எழுதியிருந்தாய். அது போதாது. இந்தத் தெருவுக்குள் உன்னால் வர முடியுமா என்று தெரியவில்லை, வந்தால் கல்லெறிவார்கள். ஆனாலும் வா. வீட்டில் பூட்டிவைக்கக் கூடாது என்று நீ சொன்னபடி அவனைப் பூட்டவில்லை, ஒரேயடியாக நிறுத்தவும் விடவில்லை. அவன் மனசு மாறுவதற்குள் வா. அவன் துணிமணிகளை ஆண்டாயி எடுத்து வைத்திருக்கிறாள். நீ வருகிற அன்று நான் வாசலில் நிற்கமாட்டேன், கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன். நீங்கள் பஸ் ஏறிய பிறகு வீட்டுக்கு வருகிறேன்.

அரியமுத்து